மூச்சுப் பரிசோதனைக்கு நீங்கள் தந்த உணவுக் குறிப்பு தவறானது. மறுபரிசோதனைக்குக் கட்டணம் கேட்பது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
நாகர்கோவில் கிளை.

ஐயா / அம்மா,

உங்கள் ஆய்வகக் கிளையில், பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்கிறதா என்று பார்க்கும் லாக்டோஸ் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்குப் பதிவு செய்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு தயாரிப்புக் குறிப்பு வந்தது. அதன்படியே நடந்தும், லாக்டோஸ் கரைசல் குடிக்கும் முன் எடுத்த முதல் மூச்சிலேயே ஹைட்ரஜன் 34 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 34 பங்கு) இருந்தது. பரிசோதனையை அதோடு நிறுத்தினார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் "முந்தின நாள் சாப்பாடு சரியில்லை" என்று காரணம் சொல்லி, மறுபடி வர முழுக் கட்டணம் கேட்பது சரியல்ல. அந்தச் சாப்பாட்டைச் சொன்னது நீங்கள்.

குறிப்பில் உள்ள வரி இது: "முந்தைய இரவு இட்லி, சப்பாத்தி, பழங்கள் போன்ற எளிய உணவு." காய்ச்சல்காரருக்கு இது எளிய உணவு. இந்தப் பரிசோதனைக்கு இந்த மூன்றுமே ஆகாது. மனித உடலின் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. குடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கிருமிகள் நொதிக்கச் செய்வதால் வரும் ஹைட்ரஜன்தான் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. இட்லியில் உளுந்து. சப்பாத்தியில் கோதுமை, அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். பழத்தில் ஃப்ரக்டோஸும் நாரும். இரவில் உண்டவை காலையிலும் நொதித்துக்கொண்டிருக்க, அடிப்படை அளவு உயர்ந்தே நிற்கும். லாக்டோஸ் கொடுத்த பின் 20 பிபிஎம் அல்லது அதற்கு மேல் உயர்கிறதா என்பதே இங்கே தீர்ப்பு. தொடக்கமே ஏறியிருந்தால் அந்த உயர்வை எதை வைத்து அளப்பது?

மலச்சிக்கலோ சிறுகுடலில் கிருமிப் பெருக்கமோ இருந்தாலும் முதல் அளவு ஏறலாம் என்பது உண்மை. உணவே தவறாக இருந்துவிட்டால் எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. மருத்துவருக்கு ஒரு தகவலும் கிடைக்காமல் போனது இதனால்தான்.

குறிப்பு எழுதியவர் எங்கள் மாவட்டத்துச் சமையலறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை போலும். இங்கே எளிய சாப்பாடு என்றால் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும், கஞ்சியும் பயறும், மட்டி வாழைப்பழமும். முந்தைய நாள் முழுக்க இவற்றைத் தவிர்க்க வேண்டும். சக்கை (பலா), அவியல், தீயல், அக்கானி (பதநீர்), கருப்பட்டிக் காப்பி, பால் சாயா, தயிர், மோர், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. சிவப்புச் சம்பா அரிசியில் தவிடு இருக்கிறது. பழஞ்சோற்றில், ஆறிய சோற்றுக்கே உரிய செரிக்காத மாவுச்சத்து கூடுதல். சூடாக வடித்த வெள்ளைச் சோறு, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்த மீன் அல்லது கோழி, அவித்த முட்டை, பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயா போதும். பிறகு 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. உங்கள் குறிப்பில் இரண்டு வேறு பரிசோதனைகள் கலந்து கிடக்கின்றன. "அமிலம் குறைக்கும் மாத்திரைகளை 14 நாள் நிறுத்தவும்" என்பது இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான யூரியா மூச்சுப் பரிசோதனைக்கு உரியது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்றவை அந்தக் கிருமியை அடக்கிவைத்து, இருப்பதையே இல்லையென்று காட்டிவிடும். ஹைட்ரஜன் பரிசோதனைக்கு இவற்றைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டுக்குமே பொருந்தும் விதியை மட்டும் விட்டுவிட்டீர்கள்: ஆன்டிபயாடிக் முடித்து 4 வாரம் கழிய வேண்டும். ஹைட்ரஜன் பரிசோதனையானால் குடல் கழுவி எடுத்த கொலனாஸ்கோப்பிக்கும் (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்ப்பது) இதே இடைவெளி வேண்டும். பேதி மருந்துகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பேதி மருந்து என்றால் மாத்திரையை மட்டும் நினைப்பார்கள். இசப்கோலையும் திரிபலா சூரணத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து குடிப்பவர்களும் இங்கே நிறைய. அதில் இனிப்பு இருக்கிறது.

"அன்று காலை எந்த மாத்திரையும் வேண்டாம்" என்ற வரியை உடனே நீக்குங்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்ல ஆய்வகத்துக்கு உரிமை இல்லை. சர்க்கரை நோயாளியின் இன்சுலின், மாத்திரை அளவை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குளுக்கோஸ் கொடுக்கும் பரிசோதனையானால் முன்கூட்டியே அவரிடம் கேட்டாக வேண்டும்.

அந்த ஒரு வரியைத் தவிர, பரிசோதனை நாளுக்கான அறிவுரை உங்கள் குறிப்பில் ஒன்றுமே இல்லை. பீடி, சிகரெட், வெற்றிலை, சூயிங்கம் கூடாது. புகைபிடித்தால் மூச்சில் ஹைட்ரஜன் அளவு உயரும், சர்க்கரையற்ற சூயிங்கத்தில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்பும் நொதிக்கும். காத்திருக்கும் 3 மணி நேரத்தில் தூங்கக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக்கூடாது. மூச்சை 15 விநாடி அடக்கி, முதலில் வருவதை வெளியே விட்டு, கடைசியில் வரும் காற்றைத்தான் பையில் ஊத வேண்டும்.

உங்கள் மாதிரி அறிக்கையில் "நெகட்டிவ்" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. 25 கிராம் லாக்டோஸ், ஏறக்குறைய அரை லிட்டர் பாலில் உள்ள அளவு, கொடுத்த பின் ஒவ்வொரு முறையும் வந்த எண்ணை நேரத்தோடு அச்சிட வேண்டும். மீத்தேனையும் அளக்க வேண்டும். சிலருடைய குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக மாற்றிவிடும். அவர்களுக்கு ஹைட்ரஜன் ஏறாமலே இருக்கும், வயிறு மட்டும் உப்பிக்கொண்டிருக்கும்.

எனவே மறுபரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும்; இல்லையென்றால் கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு பரிசோதனைகளுக்கும் தனித்தனிக் குறிப்பு, தமிழில், இங்குள்ள உணவுப் பெயர்களோடு வேண்டும். பதிவு செய்யும்போதே ஆன்டிபயாடிக் எடுத்தார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
தக்கலை.

இணைப்பு: கட்டண ரசீது நகல், வாட்ஸ்அப் குறிப்பின் அச்சுப்படி, முதல் மூச்சின் அளவுச் சீட்டு.