மெர்தரில் செய்த வாஷிங் மெஷின்

அன்புள்ள மாப்ளே,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? மகள் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தை பிறந்ததும் மதுரை வந்துவிடுவோம், கல்யாண வேலையில் என்னையும் சேர்த்துக்கொள். இவளுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கம்பு இல்லாமல் கடை வரைக்கும் நடக்கிறாள். மோட்டார் வைண்டிங் கடையைச் சின்னவன் எடுத்து நடத்துகிறான் என்று எழுதியிருந்தாய். பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே காயில் கட்டுவதில் உன் கைக்கு ஈடு கிடையாது. அந்தத் தொழில் வீட்டோடு தங்கியதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ரிட்டயர் ஆன பிறகு இங்கே பிரிட்டனில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பழைய வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1960-களில் ஹூவர் கம்பெனி செய்த ஹூவர்மேட்டிக். இதை உனக்கு விரிவாக எழுதாமல் வேறு யாருக்கு எழுதப்போகிறேன்?

நம் ஊரில் செமி-ஆட்டோமேட்டிக் என்கிறோமே, அதே சாதிதான். இடது பக்கம் துவைக்கும் தொட்டி, வலது பக்கம் பிழியும் தொட்டி. இங்கே அதை ட்வின்-டப் என்பார்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது. இப்போது சேகரிப்பவர்களிடம்தான் பார்க்க முடியும். நம் பக்கமோ இன்னும் கடையில் புதிதாகவே விற்கிறார்கள். குழாயில் பிரஷர் இல்லாவிட்டாலும் குடத்தால் தண்ணீர் ஊற்றி ஓட்டலாம் என்பதால் அதற்கு அங்கே மவுசு குறையவில்லை. ஆனால் இதில் இரண்டு விஷயம் வேறு. சுழலும் தட்டு தொட்டியின் அடியில் இல்லை, பக்கச் சுவரில் இருக்கிறது. அதனால் தண்ணீர் மேலும் கீழுமாகப் புரண்டு துணியைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போகிறது. அப்புறம், உள்ளேயே ஹீட்டர் உண்டு.

துவைக்கும் முறையைச் சொல்கிறேன், கேள். ஹோஸை மாட்டித் தொட்டியை நிரப்பி, ஹீட்டரைப் போட வேண்டியது. தண்ணீர் கொதி பிடிக்கும் நேரத்தில் துணியைத் தரம் பிரித்துவிடலாம். முதலில் வெள்ளைப் பருத்தி. டைமரைத் திருப்பினால் நாலு நிமிடம்தான். மூடியைத் திறந்தே வைத்துப் பார்க்கலாம். ஒரு தலையணை உறை உள்ளே மூழ்கிப் போய், சற்று நேரத்தில் மறுபக்கம் எழுந்து வரும். தண்ணீர் சாம்பல் நிறமாவது கண்ணெதிரே தெரியும். பிறகு மரத்தில் செய்த நீண்ட இடுக்கியால் சுடச்சுடத் துணியை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் அடுக்கி, மேலே ரப்பர் தட்டை வைத்து அமுக்கி மூடினால், பிழியும் மோட்டார் மெதுவாக ஆரம்பித்து உச்சத்துக்குப் போகும். பிழிந்த சோப்புத் தண்ணீரை பம்ப் திருப்பித் துவைக்கும் தொட்டிக்கே அனுப்பிவிடும். அதே வெந்நீரில் அடுத்து கலர் துணி, கடைசியில் தோட்ட வேலைக்குப் போடும் பேன்ட். துவைக்கிற தண்ணீரைச் சுட வைப்பது ஒரே தடவைதான்.

இதில் நாம் ஒதுங்கி உட்கார முடியாது. முதல் துணி சுற்றும்போது அடுத்ததைத் தயார் செய்ய வேண்டும், அலசத் தண்ணீர் விட வேண்டும், வடிந்த தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வாரத் துணி முழுவதும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். இந்த நாட்டில் திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள் என்று வழக்கமாகவே இருந்தது. அன்றைக்குச் சமைக்க நேரமிருக்காது என்று ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியை ஆறியபடியே பரிமாறுவார்களாம். நான் திங்கட்கிழமையையே வைத்துக்கொண்டேன்.

வீட்டில் புது மெஷினும் இருக்கிறது. சிக்கன புரோகிராம் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தண்ணீர் குறைவாகவே பிடிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு அது உள்ளே என்ன செய்கிறது என்று நமக்குச் சொல்வதில்லை. பழுதானால் போர்டு போய்விட்டது என்று சொல்லி முழுசாக மாற்றுகிறார்கள். ஹூவர்மேட்டிக்கின் பின் தகட்டைக் கழற்றினால் மோட்டார், பெல்ட், பம்ப், கண்டென்சர் எல்லாம் கண்ணுக்கு நேரே. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் புரிந்துகொள்வதில் இருக்கும் மகிழ்ச்சிக்காகத்தான் இந்த வேலை முழுக்க.

இந்த மெஷின் பிறந்த ஊர் எனக்குப் பக்கம்தான். வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலிருந்து வடக்கே போனால் மெர்தர் டிட்வில். 19-ஆம் நூற்றாண்டில் இரும்பு உருக்கிப் பெயர் வாங்கிய ஊர். உலைகள் அணைந்து, 1930-களில் வேலையில்லாமல் வாடிப்போன அந்த ஊரில், போர் முடிந்த பிறகு 1948-ல் ஹூவர் கம்பெனி வாஷிங் மெஷின் தொழிற்சாலை திறந்தது. முதலில் வந்த மாடலுக்கு 0307 என்று பெயர். சின்னத் தொட்டி, பக்கச் சுவரில் சுழல் தட்டு, மேலே கையால் சுற்றிப் பிழியும் ரப்பர் உருளை. வேலை முடிந்ததும் அந்த உருளையை மடித்து உள்ளேயே வைத்துவிடலாம். அவ்வளவு சின்னச் சமையலறைகளுக்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம். 1985-ல் வந்த சின்க்ளேர் சி5 என்ற பேட்டரி வண்டியையும் அங்கேதான் பூட்டினார்கள். 2009 மார்ச்சில் உற்பத்தி நின்றுபோனது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், இளம் வயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் என் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தேன். மூடியில் கை வைத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது என்றார். கொஞ்சம் தளர்த்தியதும் அந்த முனகல் போய்விட்டது. மோட்டாரைக் காதால் பார்ப்பவன் நீ ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மாப்ளே!

ஹூவரின் இன்னொரு மெஷின் மேல் எனக்குக் கண். கீமேட்டிக் என்று பெயர். முழு ஆட்டோமேட்டிக். ஓரங்களில் பள்ளம் வெட்டிய ஒரு சதுரப் பிளாஸ்டிக் தகடுதான் அதற்குச் சாவி. நாலு பக்கம், முன்னும் பின்னும் திருப்பினால் எட்டு புரோகிராம். எந்தப் பக்கத்தைச் செருகுகிறோமோ அதற்கு ஏற்ற துவைப்பு. எலக்ட்ரானிக்ஸ் ஒரு துளி இல்லாமல் அந்தக் காலத்தில் இதை யோசித்த மூளையை என்னவென்று சொல்வது? ஓடும் நிலையில் ஒன்று கிடைத்தால் விடமாட்டேன்.

அமெரிக்காவில் இந்த ஆர்வம் இன்னும் பெரிது. வீட்டின் அடித்தளத்தில் பல மெஷின்களுக்குக் குழாய் இணைப்புக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றில் துவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடி, அழுக்குத் துணியோடு வந்து ஆளுக்கொரு மெஷினில் துவைத்துப் பார்ப்பார்களாம். கொலராடோவில் ஈட்டன் என்ற ஊரில், எலக்ட்ரிக்கல் என்ஜினியரிங் பேராசிரியராக இருந்த லீ மேக்ஸ்வெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மெஷின்களைச் சேர்த்து, பழுது பார்த்து, ஒரு மியூசியமே அமைத்தார்.

அங்கே உனக்குப் பிடிக்கப்போவது மேடாக். அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊர்க் கம்பெனி. கரண்ட் வசதி எட்டாத பண்ணை வீடுகளுக்காக மெஷினின் அடியில் பெட்ரோல் என்ஜின் வைத்தே விற்றார்கள். டூ-ஸ்ட்ரோக், நம் பழைய டிவிஎஸ் 50-க்குப் போட்டதுபோல் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். காலால் மிதித்து ஸ்டார்ட் செய்து, புகைக்குழாயை வீட்டுக்கு வெளியே விட்டுத் துவைப்பார்கள். முதலில் ஒற்றை சிலிண்டர், பிறகு இரட்டை. அந்த என்ஜினை மட்டுமே சேகரிப்பவர்கள் தனிக் கூட்டம். பிழியும் உருளை வைத்த மெஷினை அந்தக் கம்பெனி 1983 வரை செய்தது. ஆட்டோமேட்டிக் வந்து அத்தனை வருஷம் ஆன பிறகும் கேட்டு வாங்க ஆள் இருந்திருக்கிறது.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் விரும்பும் இன்னொன்று பழைய ஃப்ரிஜிடேர். அங்கே மற்ற மெஷின்களில் தொட்டியின் நடுவே நிற்கும் தண்டு இடமும் வலமுமாகத் திரும்பும். இதில் மேலும் கீழும் குதிக்கிறது! துணி நடுவில் முங்கி, ஓரத்தில் எழும்பும். வீடியோவில்தான் பார்த்தேன். ஒரு நாள் அந்தப் பக்கம் போய் நேரில் பார்த்துவிட வேண்டும்.

சேர்ப்பவர்களில் சிலர் மெஷினைப் பாலிஷ் போட்டு வைத்து, தண்ணீரே காட்டுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓடாமல் கிடந்தால் ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கிறது, பேரிங் பிடித்துக்கொள்கிறது. வாரம் ஒரு முறை ஓடுவதுதான் அதற்கு வைத்தியம். பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பழைய வயரை மாற்றி, எர்த் செக் பண்ணி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் இஎல்சிபி வழியாகத்தான் கரண்ட் கொடுக்கிறேன். பவுடரும் நுரை குறைந்த வகைதான். நுரை பொங்கிவிட்டால் துணி அப்படியே மிதக்கும், தேய்ப்பே நடக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பேர் பார்ட்ஸுக்காக இன்னொரு ஹூவர்மேட்டிக் வாங்கினேன். அதைக் கழற்ற மனசு வரவில்லை, முழுசாக ஓட வைக்கலாம் என்று இருக்கிறேன். பிழியும் மோட்டாரை மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் ரீடிங் ரொம்பக் குறைவு. ஈரம் ஏறியிருக்கிறதா, இன்சுலேஷனே போய்விட்டதா தெரியவில்லை. சூடாக்கி வார்னிஷ் போட்டால் போதுமா, இல்லை புதிதாகவே கட்ட வேண்டுமா? தைக்கு வரும்போது மோட்டாரில் காயில் கட்டியிருக்கும் சுழலாத பாகமான ஸ்டேட்டரை மட்டும் கழற்றிப் பெட்டியில் எடுத்து வருகிறேன். கல்யாணம் முடிந்து நீ ஓய்வான பிறகு ஒரு மத்தியானம் உட்காருவோம், சின்னவனும் கூட இருக்கட்டும். சீல் அளவைத் தனியாக ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உன் கடைப்பக்கம் ரப்பர் பார்ட்ஸ் விற்பவரிடம் விசாரித்து வை.

ஆங், உங்கள் அம்மாவின் பழைய செமி-ஆட்டோமேட்டிக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, நான் வந்து பார்க்கும் வரை தயவுசெய்து கொடுக்காதே.

என்றும் அன்புடன்,
சேகர்