அந்த ‘ஸ்பிரிட்’ எந்த ‘ஸ்பிரிட்’?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ பாடலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதில் வரும் ஒரே ஒரு வரிக்கு என்ன பொருள் என்று அடுத்தடுத்த வாரங்களில் ரசிகர்கள் மோதிக்கொண்ட கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ராக் பாடல் ஒன்றின் ஒற்றை வரிக்காக இத்தனை பேர் மல்லுக்கட்டுவது சிலருக்கு வெட்டி வேலையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். எழுதிய கவிஞரே விளக்கம் சொல்லிவிட்ட பிறகு பேச என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. கேட்பவருக்கு எது தோன்றுகிறதோ அதுவே பொருள் என்பது மறு கட்சி. இரண்டு கட்சியினரும் அந்த வரியைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பது என் குறை. கட்டுரையில் கொடுக்கப்பட்டிருந்த தமிழாக்கத்தின் மீதும் ஒரு குறை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாடலை அறியாத வாசகர்களுக்காக இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 டிசம்பரில் வெளிவந்த, அதே பெயருள்ள இசைத்தட்டின் முதல் பாடல் அது. பாலைவன நெடுஞ்சாலையில் இரவில் வண்டியோட்டி வரும் ஒருவன், தொலைவில் வெளிச்சத்தைக் கண்டு ஒரு விடுதியில் தங்குகிறான். வாசலில் நிற்கும்போதே இது சொர்க்கமாகவும் இருக்கலாம், நரகமாகவும் இருக்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். பின்னர், மேசைகளைக் கவனித்துக்கொள்ளும் கேப்டனை அழைத்துத் தன் ஒயினைக் கொண்டுவரச் சொல்கிறான். அதற்குக் கேப்டன், 1969-க்குப் பிறகு அந்த ‘ஸ்பிரிட்’ இங்கே இருந்ததில்லை என்று பதில் சொல்கிறார். சண்டை முழுவதும் இந்தப் பதிலைப் பற்றியதுதான். (கேப்டன் என்றதும் கப்பல் தலைவர் என்றும், பாதாள உலகத்தின் அதிபதி என்றும் இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். உணவகங்களில் பரிமாறுபவர்களுக்குத் தலைவராக இருப்பவரைக் கேப்டன் என்று அழைப்பது வழக்கம். அவரை அந்த வேலையிலேயே விட்டுவிடுவோம்.)

‘ஸ்பிரிட்’ என்ற ஆங்கிலச் சொல் வடித்தெடுத்த மதுவையும் குறிக்கும். உள்ளத்தின் உத்வேகத்தையும், ஆவியையும் குறிக்கும். ஆகவே கேப்டனின் பதில், நீங்கள் கேட்ட பானம் இருப்பில் இல்லை என்ற சாதாரணத் தகவலாகவும், ஒரு காலத்தின் உயிர்த்துடிப்பு அணைந்துவிட்டது என்ற இரங்கற் குறிப்பாகவும் ஒரே மூச்சில் ஒலிக்கிறது. 1969 என்ற ஆண்டு இரண்டாவது பொருளுக்கு வலுச் சேர்க்கிறது. அந்த ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் இசை விழா நடந்தது. நான்கு லட்சம் பேருக்கு மேல் திரண்ட அந்தக் கூட்டம், அறுபதுகளின் இளைய தலைமுறை தன்னைப் பற்றி வைத்திருந்த நம்பிக்கையின் உச்சம். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் நடந்த இலவச இசை நிகழ்ச்சியில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடிக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு முன்னால் ஓர் இளைஞர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். நான்கு மாதத்துக்குள் ஏறிய கொடியும் இறங்கிய கொடியும் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு எதிராக ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. ஆங்கிலத்தில் ‘ஒயின்’ என்பதற்கு இயைபாக ‘நைன்’ வேண்டும், அதற்காகப் போட்ட ஆண்டுதான் அது, அதில் வரலாற்றைத் தேடுவது பாட்டுக்கட்டுகிறவனின் வசதியைத் தத்துவமாக்குவது என்று அவர் எழுதியிருந்தார். இயைபு அந்த ஆண்டைக் கொண்டுவந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதில் முடியும் ஆண்டுகள் 1949, 1959 என்று வேறும் உண்டே! ஓசை மட்டும்தான் தேவை என்றால் 1959 கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். கேட்ட பானம் பதினேழு ஆண்டுகளாக இல்லை என்றால் விடுதி இன்னும் பழையதாகவும் தோன்றியிருக்கும். இயைபு சில ஆண்டுகளை வாசல் வரை கூட்டிவந்து நிறுத்தியது. அவற்றுள் ஒன்றை உள்ளே அழைத்தது பொருள்தான்.

இனி, எழுதியவரின் வாக்கே முடிவு என்னும் கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சுட்டிக்காட்டுவது 2009-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர நாளிதழ் ஒன்றின் இசை விமர்சகர் ஜான் சோடர் எடுத்த பேட்டியை. ஒயின் புளிக்கவைத்துச் செய்யப்படுவது, ‘ஸ்பிரிட்’ என்பது வடித்தெடுக்கப்படுவது, அப்படியிருக்க ஒயினை ‘ஸ்பிரிட்’ என்றது பிழையல்லவா, அதற்காக வருந்துகிறீர்களா என்று அவர் டான் ஹென்லியிடம் கேட்டார். பாடலைப் பாடியவரும் சொற்களை எழுதியவர்களுள் ஒருவருமான ஹென்லி சற்றே எரிச்சலுடன், இதைச் சொல்லும் முதல் ஆள் நீங்கள் அல்லர், உருவகத்தைத் தவறவிட்ட முதல் ஆளும் நீங்கள் அல்லர் என்றும், மது வகைகள் எப்படித் தயாராகின்றன என்று அறியும் அளவுக்குத் தாம் குடித்திருப்பதாகவும், அந்த வரிக்கும் மதுவுக்கும் ஏறக்குறைய எந்தத் தொடர்பும் இல்லை, அது ஒரு சமூக அரசியல் கூற்று என்றும் பதில் சொன்னார்.

கவிஞரிடம் உரிய மரியாதையோடு நான் இங்கே அவருடன் முரண்படுகிறேன். மதுவுக்கும் அந்த வரிக்கும் தொடர்பு இல்லை என்றால் வரியே இல்லை. விருந்தினன் ஒயின் கேட்டதால்தான் கேப்டனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது. மேசையில் வைக்கப்பட வேண்டிய கோப்பை ஒன்று காலியாக நிற்பதால்தான், காலியான ஒரு காலத்தைப் பற்றிய சேதி நம்மைச் சுடுகிறது. சிலேடையில் ஒரு பொருளை வெட்டி எறிந்தால் மற்றதும் சேர்ந்தே விழும். விமர்சகர் பிழை என்று சொன்ன இடத்தைத்தான் நான் வரியின் உயிர்நிலை என்பேன். கேப்டன் சரியான சொல்லைப் போட்டு, அந்த ஒயின் இங்கே இல்லை என்று சொல்லியிருந்தால் நாம் கேட்டுவிட்டுப் போயிருப்போம். பொருந்தாத சொல் விழுவதால் காது ஒரு கணம் இடறுகிறது. அந்த இடறலில்தான் அடுத்த பொருள் புகுந்துகொள்கிறது. கேசட் காலத்தில் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்டவன் நான். சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றி உள்ளே தள்ளி மறுபடி கேட்டிருக்கிறேன். நாளடைவில் நாடா தேய்ந்து, சரியாக அந்தச் சொல் வரும்போது மட்டும் ஒலி கரகரக்கும். இடறல் எங்கே இருக்கிறது என்று அந்த நாடாவுக்கே தெரியும்.

எழுதியவரைக் கேட்டு வழக்கை முடிக்கலாம் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்த எழுதியவரை? பாடலுக்கு உரிமையாளர்கள் மூவர்: இசையை முதலில் அமைத்த டான் ஃபெல்டர், ஹென்லி, கிளென் ஃப்ரே. பாடலின் தொடக்கத்தில் காற்றில் மிதந்துவரும் ‘கோலிடாஸ்’ மணத்தை எடுத்துக்கொள்வோம். அது பாலைவனத்தில் இரவில் பூக்கும் ஒரு செடி என்று ஃபெல்டர் சொல்லியிருக்கிறார். குழுவின் மேலாளர் தரப்பிலிருந்து வந்த விளக்கமோ, அது ஸ்பானிய மொழியில் சின்ன மொட்டுகள் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும், மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம் என்றும் கஞ்சாவைக் கண்சிமிட்டிக் காட்டுகிறது. ஹென்லியோ ஒரு முறை இந்தப் பாடல் வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குச் செல்லும் பயணம் என்பார், மறுமுறை அமெரிக்கக் கனவின் இருண்ட அடிவயிறு என்பார். இவற்றுள் எதைத் தீர்ப்பாக எழுதிக்கொள்வது?

எழுதியவர்களின் வாக்குமூலம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. விருந்தில் கூடியவர்கள் எஃகுக் கத்திகளால் ஒரு மிருகத்தைக் குத்தியும் கொல்ல முடியாமல் நிற்கும் காட்சியில் ‘ஸ்டீலி’ என்ற சொல் வந்ததற்குக் காரணம், தங்களைப் பற்றித் தம் பாடலில் குறும்பாகக் குறிப்பிட்ட ஸ்டீலி டான் குழுவுக்குத் திருப்பிச் செய்த வணக்கம்தான் என்று ஃப்ரே விளக்கியிருக்கிறார். சுவையான செய்தி. ஆனால் சொல் பிறந்த கதை வேறு, பாட்டுக்குள் அது பார்க்கும் வேலை வேறு. ஸ்டீலி டான் பெயரையே கேட்டிராத ஒருவருக்கும் அந்தக் கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது, அந்த மிருகமும் சாவதில்லை. பீட்டில்ஸின் ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ விஷயத்திலும் இதுதான் நடந்தது. தலைப்பின் முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளைக் குறிக்கின்றன என்று ஊர் சொல்ல, தம் சிறு மகன் பள்ளியில் வரைந்துவந்த படத்தின் பெயர்தான் அது என்று ஜான் லெனன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் உண்மைதான், பாட்டுக்குள் இருக்கும் மயக்கமும் உண்மைதான்.

இவ்வளவும் சொன்னதால் நான் மறு கட்சியில் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அவரவர்க்குத் தோன்றியதே பொருள் என்றால் கடிதம் எழுதுவானேன்? தங்கள் பக்கங்களில் வந்த கடிதங்களுள் ஒன்று, இந்த விடுதி சாத்தான் வழிபாட்டுக் கூடம் என்று அடித்துச் சொல்கிறது. இது பழைய வதந்தி. இசைத்தட்டு உறையின் உட்பக்கப் படத்தில் மாடத்தில் நிழலாகத் தெரியும் உருவம், 1966-இல் சான் பிரான்சிஸ்கோவில் சாத்தானின் திருச்சபையை நிறுவிய ஆன்டன் லாவேதான் என்பார்கள். அவர் எழுதிய ‘சாத்தானிய பைபிள்’ 1969-இல் வெளிவந்தது என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆண்டு சரிதான். ஆனால் வரி என்ன சொல்கிறது? 1969-க்குப் பிறகு அந்த ‘ஸ்பிரிட்’ இங்கே இல்லை என்கிறது. அந்தப் புத்தகத்தோடு சாத்தான் உள்ளே வந்தான் என்றால், கேப்டன் அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! ஆண்டைப் பிடித்துக்கொண்டு ‘இல்லை’ என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள்.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: வரியில் உள்ள எந்தச் சொல்லையும் கீழே போடாமலும், முன்பின் வரிகளோடு சண்டையிடாமலும் நிற்கும் பொருள் எதுவானாலும் இருக்கட்டும்; அப்படி இரண்டு நின்றால் இரண்டும் இருக்கட்டும். கேப்டனின் பதிலுக்கு அடுத்த வரியிலேயே, தொலைவிலிருந்து குரல்கள் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கின்றன, நள்ளிரவில் எழுப்பிவிடுகின்றன என்று வருகிறது. போன காலத்தின் குரல்களா, பேயின் குரல்களா? ஆவி என்னும் மூன்றாவது பொருளுக்கும் அங்கே இடம் இருக்கிறது, அதனால் அதையும் ஏற்கிறேன்.

வரிக்குள் இரண்டு பொருள் இருப்பதும், நம் காதுக்குள் வேறு ஒரு வரி ஓடுவதும் ஒன்றல்ல. கிங்ஸ்மென் குழு 1963-இல் பதிவுசெய்த ‘லூயி லூயி’ பாடலில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஆபாசம் இருப்பதாகப் பெற்றோர்கள் புகார் எழுத, அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதை ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு வேகங்களில் ஓட்டிக் கேட்டுவிட்டு, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று கோப்பை மூடியது. மூலப் பாடலில் இருப்பதெல்லாம், காதலியைப் பிரிந்த ஒரு கடலோடியின் ஏக்கம் மட்டுமே. அங்கே விவாதிக்க எதுவும் இல்லை. பாடகர் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து பாடியிருந்தால் போதும்.

இப்போது தமிழாக்கத்துக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையாளர் அந்த வரியை, “1969-க்குப் பிறகு அந்த உத்வேகம் இங்கே இல்லை” என்று பெயர்த்திருந்தார். ஒயின் கேட்டவனிடம் உத்வேகம் இல்லை என்று எந்தக் கேப்டன் சொல்வார்? மூலத்தில் மறைவாக இருந்த பொருளை வெளியே இழுத்துப் போட்டு, வெளியே இருந்த பொருளைப் புதைத்துவிட்டார். தங்கள் வாசகர்களில் பாதிப் பேர் சண்டையின் ஒரு தரப்பை மட்டுமே பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம் என்று சந்தேகிக்கிறேன். ‘ஆவி’ என்று போட்டுப் பார்த்தேன்; உயிரையும் பேயையும் வடிக்கும்போது எழும் நீராவியையும் அது தாங்குகிறது, ஆனால் கோப்பையில் ஊற்ற முடியவில்லை. பல நாள் யோசித்த பிறகு, பேச்சில் தினமும் புழங்கும் சொல்லே கைகொடுத்தது: “அந்தச் சரக்கு 1969-க்குப் பிறகு இங்கே இல்லை, ஐயா.” மதுவும் சரக்குதான், ‘அவரிடம் சரக்கு இல்லை’ என்று நாம் சொல்லும்போது குறிப்பதும் சரக்குதான். பாடலின் இறுதியில் இரவுக் காவலர் சொல்லும் புகழ்பெற்ற வரிக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ‘செக் அவுட்’ என்பது அமெரிக்கப் பேச்சில் அறையைக் காலிசெய்வதையும் குறிக்கும், சாவதையும் குறிக்கும். “கணக்கை முடித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியேற முடியாது” என்றால் நமக்கும் அந்த இரட்டைக் குளிர் அடிக்கிறது.

சரக்கு என்ற சொல் நாளிதழின் தரத்துக்குச் சற்றுக் கொச்சையாகப் படலாம். கேப்டனின் மரியாதையான குரலுக்கு அது பொருந்தவில்லை என்று யாரேனும் மறுத்தால், அந்த மறுப்பில் நியாயம் உண்டென்று ஒப்புக்கொள்வேன். ‘ஐயா’ என்று சேர்த்ததே அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். இதைவிடப் பொருத்தமான சொல் தங்கள் கட்டுரையாளருக்கோ வாசகர்களுக்கோ தெரிந்தால் வெளியிடுங்கள். அதுவரை, கட்டுரையை மறுபதிப்புச் செய்யும் எண்ணம் இருந்தால், ‘உத்வேகம்’ என்பதை மட்டுமாவது எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்