தூளித் துணியும் டகோட்டாவும்

ரங்கூன்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் மருமகன் போன வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சென்னையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். காளி கோயிலில் பூஜை முடித்து வந்த கையோடு பிரித்தேன். டகோட்டா விமானப் பொம்மை! அதுவும் 1:72 அளவில், நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு! கையில் எடுத்ததும் அதன் கனம் தெரிந்தது. இறக்கை நுனிக்கு நுனி 40 சென்டிமீட்டர். என் அலமாரித் தட்டின் ஆழம் 30 தான், அதனால் குறுக்குச்சாய்வாக நிறுத்தியிருக்கிறேன். வால் தரையில், மூக்கு மேலே பார்க்க, மிங்கலடான் விமான நிலையத்தில் நிற்குமே, அப்படியே நிற்கிறது. நாம் இருவரும் ஒரே சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று யூனியன் ஆஃப் பர்மா ஏர்வேஸ் டகோட்டா ஏறுவதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பெட்டியைப் பிரித்தபோது அந்த இரட்டை எஞ்சின் சத்தம் காதுக்குள் கேட்டது.

இதுவரை என்னிடம் இருந்தவை எல்லாம் சின்னவை. 1:200 அளவில் ஒரு சி-46 கமாண்டோ சரக்கு விமானம், இரண்டாம் உலகப் போரில் அசாமிலிருந்து மலை தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சாமான் கொண்டுபோன ரகம். இன்னொன்று ஹெர்குலிஸ். நர்கீஸ் புயலுக்குப் பிறகு, 2008 மே 12-இல், நிவாரணப் பொருளோடு ரங்கூனில் இறங்கிய அமெரிக்க விமானமும் ஒரு ஹெர்குலிஸ்தான். சண்டை விமானங்களை நான் வாங்குவதில்லை. சோறு கொண்டுவந்த விமானங்கள்தான் எனக்கு வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. நீ அனுப்பியதில் இறக்கையிலும் உடலிலும் வெள்ளை, கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன. அது 1944 ஜூன் மாதம் பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கியபோது பூசியது. மூன்று வெள்ளை, நடுவே இரண்டு கறுப்பு. கடையில் கிடைக்கும் டகோட்டாக்களில் பெரும்பாலானவை அந்த ஒரு நாளின் வேஷத்தில்தான் வருகின்றன. நம் ஊர் வானத்தில் பறந்தவை வேறு மாதிரி. பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட முத்திரையில் நடுவே சிவப்புப் பொட்டு இருக்குமல்லவா? கிழக்கே பறந்தவற்றில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் அடையாளமே சிவப்பு வட்டம்தானே, சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாது. கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். டகோட்டாவுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் எதிரியிடமும் அதே விமானம் இருந்தது. போருக்கு முன்பே ஜப்பான் டக்ளஸ் கம்பெனியின் டிசி-3-க்கு (டகோட்டாவின் மூல விமானம் அதுதான்) உரிமம் வாங்கி, 480-க்கு மேல் சொந்தமாகக் கட்டியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு அந்த நிறம் ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த நீல வட்டம் போட்ட டகோட்டாவை ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு 1:144 அளவில் ஒன்று கிடைத்தது என்று பணம் கட்டினேன். பார்சல் வந்தபோது ஒரு புரொப்பெல்லர் முறிந்து, வால் சக்கரம் காணாமல் போயிருந்தது. வட்டமும் சாதாரணச் சிவப்புப் பொட்டு வட்டம். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இப்போது அதுதான் உதவுகிறது. சேகரிப்பவர்கள் தொழிற்சாலைப் பெயிண்டைத் தொடாதே என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்குப் பாதி சம்மதம். உன் பரிசை அப்படியே வைத்துக்கொள்வேன், ஒரு கோடும் அழிக்க மாட்டேன். முறிந்ததை நானே பூசி, எங்கள் தாத்தா பார்த்த விமானமாக ஆக்கப்போகிறேன். ஈர்க்குச்சியில் புரொப்பெல்லர் செதுக்கியாகிவிட்டது.

தாத்தா தாஜி ஜங்ஷனில் ரயில்வேயில் இருந்தார். 1945 மார்ச்சில் பக்கத்து மெய்த்திலாவைப் பிரிட்டிஷ்-இந்தியப் படை பிடித்ததும், ஜப்பானியர் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அரிசி, குண்டு, மருந்து எல்லாமே வானத்து வழிதான். ஓடுபாதை பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் வந்தபிறகு இறங்கவும் முடியாமல் பாராசூட்டில் போட்டார்கள். ஒரு டகோட்டா ஏறக்குறைய 2,700 கிலோ சுமக்கும். பாராசூட்டுக்குப் பட்டு போதாமல் பிரிட்டிஷ்-இந்தியப் படையின் ஸ்லிம் தளபதி சணலிலேயே தைக்கச் சொன்னார். சண்டை ஓய்ந்தபின் அந்தப் பக்கம் போன தாத்தா, வயலில் கிடந்த துணி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அது சணல் இல்லை, மெத்தென்று இருந்தது. அதில்தான் அம்மா எனக்குத் தூளி கட்டினாள். அப்புறம் உன் தம்பி பிறந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்தது.

மழைக்காலம் வந்துவிட்டதே என்றுதான் கவலை. இந்த ஊர்ப் புழுக்கம் உலோகத்துக்கு ஆகாது. பழைய டை-காஸ்ட் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த) பொம்மைகளில் துத்தநாகத்தோடு கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டிருந்தால், உள்ளிருந்தே அரித்து, வெடித்துப் பொடியாகும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பாட்டில் மருந்தோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மருந்துக்கடைப் பையன் எனக்காகச் சேர்த்து வைக்கிறான். உன்னுடைய டகோட்டாவுக்கு நாலு வைத்திருக்கிறேன்.

பொம்மை விமானத்துக்குக் கீழே நூலில் சின்னதாக ஒரு பாராசூட் தொங்கவிட ஆசை. அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 1964-இல் நீங்கள் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறியபோது, நகை, பணம் எதையும் கொண்டுபோக முடியாமல் உன் அம்மா துணிமணி மட்டும் மூட்டை கட்டினார்களே, அதில் அந்தத் தூளியும் இருந்தது. எனக்கு வெள்ளை என்று ஒரு ஞாபகம், பழுப்புப் பச்சை என்று ஒரு ஞாபகம். உன் அக்காவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், ஆட்டிவிட்டவர் அவர்தானே. வியாசர்பாடிக்குப் போகும்போது கேட்டுப் பார். பெட்டி அடியில் ஒரு துண்டு கிடந்தாலும் போதும், விரற்கடை அளவு வெட்டி அனுப்பு. இல்லையென்றால் நிறத்தை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
உன் முருகேசு