காதல் நாவல் பதிப்பகம் வளர வெளியீட்டு விழா போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

‘இப்ப ஆர் புத்தகம் வாசிக்கினம்?’ என்று யாழ்ப்பாணத்து நூல் வெளியீட்டு மேடைகளில் கேட்பது வழக்கமாகிவிட்டது. நகரத்துப் புத்தகக்கடைகளில் தமிழகத்துக் குடும்ப நாவல்களும் காதல் நாவல்களும் தட்டு நிறைய இருக்கின்றன, வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கைபேசியில் ‘பிரதிலிபி’ என்ற கதைச் செயலியின் தொடர்களை இரவிரவாகப் படிப்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். இந்த வாசகர்களிடம் தவணை தவறாமல் போய்ச் சேரும் ஒரு பதிப்பகம் எங்கள் மண்ணில் வளர வேண்டும் என்ற விருப்பத்தில், அச்சு, பதிப்பு வேலை செய்யும் நாங்கள் இதனை எழுதுகிறோம்.

காதல் நாவலை நம்பி வளர்ந்த பதிப்பகங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்ப்பது பயன்தரும். இலண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அன்ட் பூன் முதலில் எல்லா வகை நூலும் போட்டது. 1930களில் இரண்டு பென்ஸுக்கு நூலை வாடகைக்குத் தரும் நூலகங்கள் பெருகியபோதே காதல் நாவலில் முழுமூச்சாக இறங்கியது. ஒரே மண்ணிற அட்டை, ஒரே அளவு. எழுதியவர் பெயர் தெரியாமலே வாசகிகள் அந்த மண்ணிறப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்கள். கனடாவில் 1949இல் தொடங்கிய ஹார்லெக்வின், 1957இலிருந்து அந்த நாவல்களை மறுபதிப்புச் செய்து, 1971இல் மில்ஸ் அன்ட் பூனையே வாங்கிக்கொண்டது. சவர்க்காரம் விற்ற கம்பனியில் இருந்து வந்த ஒருவர் அதன் பொறுப்பை ஏற்றபின், பெண்கள் வீட்டுச் சாமான் வாங்கப் போகும் பல்பொருள் அங்காடிகளில் நாவல்களும் அடுக்கப்பட்டன. எங்கள் காலத்தில், 2011இல் தொடங்கிய என்டாங்கிள்ட் என்ற சுயாதீனப் பதிப்பகம் மின்னூல்களில் காலூன்றி, 2023இல் விளிம்புக்குச் சாயம் தீட்டிய முதற்பதிப்புகளோடு பெரும் சந்தையைப் பிடித்தது. விழுந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் மின்னூல் காதல் கதைகளால் பேர்பெற்ற எல்லோராஸ் கேவ், எழுத்தாளர்களுக்குரிய பணம் பிந்துகிறது என்ற முறைப்பாடுகளுக்கு நடுவே 2016இல் மூடப்பட்டது.

ஈழத்திலும் முன்னுதாரணம் உண்டு. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் எங்கள் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்தது; அந்த ஓட்டமும் தளர்ந்தது.

இன்றைய வழமை எல்லோரும் அறிந்தது. எழுத்தாளர் தன் காசில் 300 கொப்பி அடிப்பார். மண்டபம் எடுத்து, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று ஒரு பின்னேரம் போகும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோர் உறையில் வைத்துத் தரும் பணத்தில் அச்சுச் செலவு ஓரளவு திரும்பும். மிச்சக் கொப்பிகள் எழுத்தாளர் வீட்டு அலுமாரிக்குப் போகும். உறை தந்தவர் உறவுக்காகத் தந்தவர். அடுத்த நாவலைத் தேடி அவர் வரமாட்டார். கவிதைத் தொகுதிக்கோ கட்டுரைத் தொகுதிக்கோ இந்த முறை ஒத்துவரலாம். காதல் நாவலின் வாசகி ஒன்றை முடித்த கிழமையே அடுத்தது எங்கே என்று கேட்பவர். குறைந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு ஆறு தலைப்பாவது வேண்டும். முதலாவது அச்சுக்குப் போகும்போதே அடுத்த இரண்டும் செப்பனிட்டு முடிந்து கையில் இருக்க வேண்டும். அல்லாவிட்டால் மூன்றாவதில் தவணை தவறும். தவறினால் சந்தாக்காரர் போய்விடுவார்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு நாவலின் விலை 1,000 ரூபா, அச்சிடுவது 500 கொப்பி, ஒன்றுக்கு அச்சுச் செலவு 320 ரூபா என்று வைத்துக்கொள்வோம், அச்சுக்கு 160,000. செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 45,000. ஆக, போடும் முதல் 205,000 ரூபா. கடையில் விற்கும் ஒவ்வொரு கொப்பியிலும் கடைக்கழிவு 35 வீதம் 350, எழுத்தாளருக்கு 10 வீதம் 100, ஏற்றியிறக்கும் செலவு 50 போக, கையில் நிற்பது 500. முதலை எடுக்க 410 கொப்பி விற்க வேண்டும். ஐந்நூறில் நானூற்றிப் பத்து! அதுவும் கடைக்காரர் விற்றபின்தான் காசு தருவார். மூன்று மாதம், சில இடங்களில் அதற்கும் மேல். இதே நூலை 150 சந்தாக்காரருக்கு நேரே அனுப்பினால் கடைக்கழிவு இல்லை. எழுத்தாளர் பங்கும் அனுப்பும் செலவும் போகக் கொப்பிக்கு 850 ரூபா வீதம் 127,500 முன்கூட்டியே வந்துவிடும். மிச்சம் 77,500க்குக் கடையில் 155 கொப்பி விற்றால் போதும். 410 என்பது 305 ஆகக் குறைகிறது. தனிப் பதிப்பகம் மூச்சுவிடுவதற்கான இடைவெளி இதுதான். கடைகளைப் பகைக்கச் சொல்லவில்லை. புதிய வாசகர் முதலில் நூலைக் காண்பது கடையில்தான். ஆனால் சந்தா இல்லாமல் கடையை மட்டும் நம்பினால் மூன்றாம் நாவலுக்குத் தாள் வாங்கக் காசு இருக்காது.

அச்சில் வீணாகும் பணம் பெரும்பாலும் பக்கக் கணக்கில் போகிறது. 192 பக்கம் என்றால் 16 பக்கப் பாரம் (ஒன்றாக மடித்துச் சேர்க்கும் பக்கத் தொகுதி) சரியாக 12. நாவல் 195 பக்கம் வந்தால் பதின்மூன்றாவது பாரம் வேண்டும். 13 பக்கம் வெறுமையாகப் போகும். வரியிடைவெளியைச் சற்றே குறைத்தோ அத்தியாயத் தலைப்புகளைச் சுருக்கியோ 192க்குள் கொண்டுவருவது அரைமணி நேர வேலை. ஏ5 அளவில் 11 புள்ளி எழுத்தில் இதற்கு ஏறத்தாழ 35,000 முதல் 38,000 சொற்கள் பிடிக்கும். எழுத்தாளருக்கு இந்த அளவை முதலே சொல்லிவிட வேண்டும். ஏ3 தாள் ஓடும் சிறிய ஓவ்செற் இயந்திரத்தில் இந்த நூலின் ஒரு கொப்பிக்கு 24 தாள்; இரு பக்கமும் அடிக்க 48 பிளேற் (அச்சுத் தகடு). 300 கொப்பிக்கு 7,200 தாள் போதும் என்றாலும், மை சீராகும்வரை அந்த 24இல் ஒவ்வொன்றுக்கும் 40 கழிந்தால் 960 தாள், ஏறத்தாழ இரண்டு றீம், வீண். 1,000 கொப்பி அடித்தாலும் அதே 960தான் கழியும். ஆகவே சில நூறு கொப்பிக்கு டிஜிற்றல் அச்சையும் ஓவ்செற்றையும் இரண்டு விலையாகக் கேட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

தாள் சதுர மீற்றருக்கு 70 கிராம் எடையுள்ளது போதும். ஏ5இல் 192 பக்கமும் அட்டையுமாக 225 கிராம் அளவில் நிற்கும். 80 கிராம் தாளில் 250ஐத் தாண்டும், தபாலுக்கு அது தேவையற்ற எடை. 60 கிராமில் பின்பக்க எழுத்து முன்னே தெரியும். 70 கிராமில் முதுகு 9 மில்லிமீற்றர் அளவில் வரும். 80க்கு வரைந்த அட்டையை 70க்குப் போட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழுகும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து கொடுக்காது, ஒட்டும் விட்டுப்போகும். முதுகைச் சுரண்டாமல் பசை பூசினால் பத்துப்பேர் கை மாறுமுன் நடுத்தாள் கழன்றுவிடும். நூலகங்களுக்குப் போகும் கொப்பிகளை நூலால் தைத்துக் கட்டுவது நல்லது.

அட்டைக்கு இணையத்தில் அகப்படும் இந்திய நடிகையின் படத்தை எடுத்துப் போடும் பழக்கம் நிற்க வேண்டும். உரிமை வேறொருவருடையது; 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். கைபேசித் திரையில் துலக்கமாகத் தெரியும் படம் அச்சில் பொருக்காக வரும். ஏ5 முன்னட்டைக்கு அகலம் 1,800, உயரம் 2,550 பிக்சலாவது வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்து வாசிக்க ஒரு பெண் கூச்சப்படாத அட்டையாகவும் அது இருக்க வேண்டும்.

எங்களுக்கென்றே உள்ள தொல்லை பாமினி என்ற பழைய எழுத்துரு. எழுத்தாளர் கைபேசியில் யுனிகோட்டில் எழுதி அனுப்புகிறார். பக்கம் செய்பவர் அதைப் பாமினிக்கு மாற்றுகிறார். மாற்றத்துக்குள் அகப்படாத காற்புள்ளி ஒவ்வொன்றும் ‘இ’ ஆகிவிடும். ‘அவள் வந்தாள், பார்த்தாள்’ என்பது ‘அவள் வந்தாள்இ பார்த்தாள்’ என்று அச்சேறும். உரையாடல் நிறைந்த காதல் நாவலில் இந்த ‘இ’ பக்கத்துக்குப் பத்து நிற்கும். பிறகு மின்னூல் போடப் பாமினியிலிருந்து திரும்பவும் மாற்றினால் புதுப் பிழைகள் சேரும். தொடக்கம் முதல் யுனிகோட்டிலேயே பக்கம் செய்ய வேண்டும். பக்கம் செய்யும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட் ரெடி’ பந்தி அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்புகள் இடம்மாறும். அதைத் தெரிவுசெய்தால் அந்தக் கோளாறு வராது. ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கும் மின்னூலுக்கும் போகலாம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள வாசகருக்குத் தபாற்செலவு பல வேளைகளில் நூலின் விலையைத் தாண்டுவதால், மின்னூல் இல்லாமல் அவர்களை எட்ட முடியாது.

கதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதலே மையம், முடிவில் இருவரும் சேர வேண்டும்: இதை நம்பித்தான் வாசகி காசு கொடுக்கிறாள். சீதனத்தையும் சாதியையும் வெளிநாட்டு மாப்பிள்ளையையும் தாராளமாக எழுதலாம். அவற்றை எழுதாத யாழ்ப்பாணக் காதல் கதையை யார் நம்புவார்? ஆனால் கடைசி அத்தியாயத்தில் நாயகி கிணற்றில் விழுந்தால் அதைக் காதல் நாவல் வரிசையில் போடாமல் தனி நாவலாகப் போடுங்கள். ஒரு முறை ஏமாந்த வாசகி பதிப்பகத்தின் பேரைப் பார்த்தே ஒதுங்குவாள். உரையாடல் ஊர்ப்பேச்சில் இருக்கட்டும். ‘வருகினம்’, ‘வாறினம்’ என்று பக்கத்துக்கொரு விதமாக வராதபடி பதிப்பகம் தனக்கென ஒரு சொற்பட்டியல் வைத்திருக்க வேண்டும்.

விற்பனைக்கு எங்கள் கிராமங்களில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதி ஊர் வாசிகசாலையான சனசமூக நிலையம். ஒரு நிலையத்துக்கு ஆறு நாவல்களை ஒரே தொகுப்பாக ஆண்டுச் சந்தாவில் கொடுக்கலாம். நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி சந்தைப் பக்கத்துத் தையற்கடைகளிலும் அழகுசாதனக் கடைகளிலும் ஐந்து ஐந்து கொப்பி வைத்தால் புத்தகக்கடைக்கு வராத பெண்களும் காண்பார்கள். ஐ.எஸ்.பி.என் என்ற சர்வதேச நூல் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் அச்சுக்கு முன்பே பெறுங்கள். பிறகு ஒட்டும் துண்டு இரண்டு மாதத்தில் உரிந்துபோகும்.

எழுத்தாளருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் போக வேண்டும்: அடித்தது, விற்றது, கடையில் கிடப்பது, திரும்பியது, இலவசமாகக் கொடுத்தது, தரவேண்டிய பணம். அச்சுரிமை ஐந்து ஆண்டுக்கு, மின்னூலுரிமை தனியாக, ஓராண்டு கையிருப்பில் இல்லாவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இதைச் செய்யும் பதிப்பகத்துக்கு நல்ல எழுத்தாளர் தாமாக வருவார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் வெளியீட்டு விழாவின் மேடைப்படம் பெரிதாக வருகிறது. நூலின் விலையும் கிடைக்கும் இடமும் பல வேளைகளில் வருவதில்லை. ஞாயிறு வெளியீட்டில் கால் பத்தி ஒதுக்கி, அந்த மாதம் வந்த நாவல்களின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, வாங்கக்கூடிய கடை என்ற ஐந்து விபரத்தை மட்டும் போட்டு உதவுங்கள். விபரங்களை ஒவ்வொரு மாதமும் முதற்கிழமையில் திரட்டித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
அச்சு, பதிப்புத் தொழில் சார்ந்தோர் சிலர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.