ஒட்டகத்துக்கு எதுக்கு டேங்க்? சிறுவர் அறிவியல் நூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல், கைடு, சிறுவர் அறிவியல் புத்தகம் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார்கள். போன மாதம் ஒரு பெண் தன் கைடைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்காகத் திமிலும் அகன்ற பாதமும் பெற்றிருக்கிறது, திமிலில் நீரைச் சேமித்து வைக்கிறது என்று அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் என் சுவரில் தொங்கும் காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாதப் படம் லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கு. பின்னால் பனிமலை, முன்னால் சடைசடையாக முடி தொங்கும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள்.

"அங்கதான் இவ்ளோ ஐஸ் இருக்கே, அதுக்கு எதுக்கு ரெண்டு டேங்க்?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. உங்களில் பலர் இதைச் சரியாகவே எழுதுகிறீர்கள். ஆனால் அடுத்த வரியிலேயே, அந்தக் கொழுப்பு நீராக மாறித் தாகம் தீர்க்கிறது என்று வந்துவிடுகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே நீர் கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியே போகும். வரவு செலவு பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் 1950களில் அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில் தங்கி இதையெல்லாம் அளந்து பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், பிற்பகலில் 40ஐத் தாண்டும். நமக்கு அது காய்ச்சல். ஒட்டகமோ அந்தச் சூட்டை உடம்பிலேயே வைத்திருந்து இரவுக் குளிரில் விட்டுவிடுகிறது, அதனால் வியர்வை மிச்சம். தண்ணீரைக் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். அதன் இரத்தச் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை, இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காது. இவ்வளவு சுவையான சங்கதியை விட்டுவிட்டு, முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவிடுகிறோம்.

சரி, இனி என் பெரிய குறைக்கு வருகிறேன். அது "வாழ்வதற்காக" என்ற சொல்.

ஒட்டகத்தின் பிறந்த வீடு அரேபியா இல்லை, வட அமெரிக்கா. நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே முயல் அளவில் தொடங்கிய குடும்பம் அது. ஆட்டின் அளவுக்கு வளர்ந்த ஒரு பழைய உறவினருக்கு 1847லேயே ஜோசப் லெய்டி என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் போயிப்ரோதீரியம் என்று பெயர் வைத்துவிட்டார். கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கண்டத்தை விட்டு நகராமல் இருந்து, ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் ஒரு கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அப்போது இணைத்திருந்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்தது. வேறொரு கிளை தெற்கே இறங்கி, தென் அமெரிக்காவின் திமிலில்லா ஒட்டக உறவினர்களான லாமா, அல்பாகா, விகுனா ஆனது. கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் பிறந்த வீட்டில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு இருக்கிறது. அங்கே நடாலியா ரிப்சின்ஸ்கி என்ற புதைபடிவ ஆய்வாளரின் குழு 2006, 2008, 2010 ஆகிய மூன்று பயணங்களில் ஒரு கால் எலும்பின் முப்பது துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது. முதல் துண்டை அவர் மரச்சிராய் என்றுதான் நினைத்தாராம். எலும்பில் மிஞ்சியிருந்த கொலாஜன் புரதத்தை மற்ற பாலூட்டிகளின் கொலாஜனோடு ஒப்பிட்டார்கள். ஒட்டகம்! சுமார் 35 லட்சம் ஆண்டுப் பழையது, இன்றைய ஒட்டகத்தைவிட முப்பது சதவீதம் பெரியது. புரதம் அத்தனை காலம் கெடாமல் கிடந்ததற்கே அந்தக் குளிர்தான் காரணம். அப்போது அங்கே காடு இருந்தது, ஆனால் பனியும் இருந்தது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டும் இருந்தது.

2013இல் முடிவை வெளியிட்டபோது அவர்கள் ஒரு யோசனையும் சொன்னார்கள். அகன்ற பாதம் முதலில் பனியில் புதையாமல் நடக்க உதவியிருக்கலாம், திமில் நீண்ட குளிர்காலத்துக்கான கொழுப்புக் கையிருப்பாக இருந்திருக்கலாம். திமில் எலும்பில் பதியாது, ஆகவே இது ஊகம்தான். ஊகம் என்றே எழுதுங்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஷ்மிட்-நீல்சன் பார்த்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடி மழித்த ஒட்டகம், மழிக்காததைவிட ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. குளிருக்குப் போர்த்திய கம்பளி வெயிலுக்கும் முக்காடாகிறது. யாரும் எதையும் பாலைவனத்தை மனதில் வைத்து ஒட்டகத்துக்குச் செய்து கொடுக்கவில்லை. முன்பே கையில் இருந்தது புது இடத்தில் பயன்பட்டது. தகவமைப்புப் பாடத்தில் இது வர வேண்டாமா?

ஒட்டகம் நம் ஊர் விலங்கு இல்லை, இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். அகநானூற்றின் 245ஆம் பாட்டில் பசித்த ஒட்டகம் காய்ந்து வெளுத்த எலும்பைத் தின்கிறது. புலவர் ஒட்டகத்தையே பார்த்ததில்லை போலும் என்று நான் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகங்கள் நிஜமாகவே எலும்பை மெல்லும் என்று. இந்த ஒரு வரியைப் பாடத்தில் சேர்த்தால் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசலாம்.

அடுத்த பதிப்பில் பக்கம் கூட்ட முடியாது என்பீர்கள், புரிகிறது. "வாழ்வதற்காக" என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். ஈச்ச மரமும் மணல்மேடும் உள்ள அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில், பனியில் நிற்கும் ஒட்டகம் ஒன்றையும் போடுங்கள். காலண்டரின் அந்தத் தாளை நான் கிழித்து எறியாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திண்ணைக்காரர் ஒருவர்