பை வைக்க இடம் கொடுத்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் சாவி கைக்கு வந்துவிட்டது. ஓட்டேரி பக்கம், முதல் மாடியில் ஒரே ஒரு அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை, ராத்திரி தூக்கமே வரவில்லை. சரி, தூக்கம்தான் வரவில்லையே, எழுதவாவது செய்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஏன் வீடில்லாமல் வெளியில் வந்து நின்றேன் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் ஒரு தடவை, வக்கீலிடம் ஒரு தடவை, சொந்தக்காரர்களிடம் பல தடவை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். நன்றியைத் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் ஒருவருக்குச் சொல்கிறேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை, அவரிடம் இருப்பது பட்டன் போன். அவர் பெயரையும், எந்தப் பேருந்து நிலையம் என்பதையும் எழுதமாட்டேன். எழுதினால் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும், அக்காவுக்கு வேலை போய்விடும். கட்டணக் கழிப்பறையில் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கும் அக்கா என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடில்லாத ஆண் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறான். பெண் படுப்பதில்லை, உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி, அடிக்கடி ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோயம்பேட்டில். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்து தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் அங்கே போனபிறகு, கோயம்பேட்டில் ராத்திரிக் கூட்டம் பழையபடி இல்லை. எல்லோரும் அதைப் பயணிகளின் அலைச்சலாகத்தான் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வேறு கணக்கு. கூட்டம் இருந்தால் யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள். கூட்டம் இல்லாத இடத்தில் ஒரே பெண் தினமும் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள். விசாரிக்கிறவர்கள் எல்லோரும் உதவ வருகிறவர்கள் இல்லை. அதனால் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

பகலுக்கு பஸ் இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அதை நான் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். பாரிமுனை, அங்கிருந்து திருவான்மியூர், மறுபடி பாரிமுனை. உட்கார இடம், தலைக்கு மேல் கூரை, சுற்றி நாலு பேர். ஒரு நடத்துநர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசி நிறுத்தத்தில் நான் எழுந்தபோது, "உக்காருங்கம்மா, பத்து நிமிஷத்துல திரும்பிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணா, உங்களுக்கும் நன்றி.

பஸ்ஸில் கிடைக்காதது கழிப்பறை. வெளியில் வாழும் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் காசு வேண்டும், ராத்திரியென்றால் துணை வேண்டும். அப்படித்தான் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, கையில் இருந்த சில்லறையெல்லாம் அந்தக் கல்லாவுக்கே போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி போனதால்தான் அக்கா கண்ணில் பட்டேன்.

ஒருநாள் காலையில் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்கமா கெளம்பிட்ட?" என்றார்.

"வேலை கேக்கப் போறேங்க்கா."

"இந்த மூட்டையோடயா? இத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும்மா. வெச்சிட்டுப் போ."

எனக்குச் சட்டென்று கொடுக்க மனம் வரவில்லை. அதில்தான் என் எல்லாமே இருந்தது. இரண்டு புடவை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மாத்திரை, கத்தரிக்கோல். ரயில் நிலையத்தில் கிளாக் ரூம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே டிக்கெட் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், பை பூட்டியிருக்க வேண்டும் என்பார்கள். என் பையில் ஜிப்பே வேலை செய்யவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. பினாயில் கேனும் பிளீச்சிங் பவுடர் டப்பாவும் வைத்திருக்கும் அந்தச் சின்ன இடத்தில் ஆணி ஒன்றுதான். அதில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, என் பையை மாட்டினார். "கீழ வெச்சா எலி வந்து கடிச்சிடும்" என்றார். அவருடைய சோற்றை எலி கடிக்காதா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

புரசைவாக்கம் வரை போனேன். வெறும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அதற்கு முன் நான் ஏறி இறங்கிய தையல் கடைகளில் முதல் பார்வை என் பை மேல்தான் விழும். "ஊர்ல இருந்து இப்பதான் வர்றீங்களா? எங்க தங்கியிருக்கீங்க?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் "ஆள் எடுத்தாச்சுமா" என்று வந்துவிடும். அன்றைக்குக் கடைக்கார அம்மா கேட்டது வேறு. கொக்கி வைக்கத் தெரியுமா, ஃபால்ஸ் அடிப்பீர்களா, சரி, இந்த பிளவுஸுக்கு ஹெம்மிங் பண்ணிக் காட்டுங்கள். பண்ணிக் காட்டினேன். மறுநாள் வரச் சொன்னார்கள். நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்ற பேச்சே வரவில்லை.

அக்காவுக்குக் காலை 6 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை ஷிப்ட். நான் திரும்பி வரும்போது அவர் போயிருந்தார். கல்லாவில் வேறு ஒரு பெண். பை இருக்குமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "நீதானா அக்காவோட தங்கச்சி? பை அப்படியே கீது, எடுத்துக்கோ" என்றாள். அறுந்து தொங்கிய பிடியை யாரோ தைத்துவைத்திருந்தார்கள். தையல் மகா கோணல். தொழில் தெரிந்தவர் செய்யவில்லை என்பது பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் தினமும் அந்த ஆணி எனக்குத்தான். சாப்பாட்டுப் பைக்கு அவர் ஒரு கம்பி வளைத்து வேறு ஏற்பாடு செய்துகொண்டார். குளியலுக்கு என்னிடம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார், ஆனால் கணக்கு உதைக்கக்கூடாதே என்று தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவார். நான் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போடுவார், எனக்குத் தெரியும். அவர் சம்பளமும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் அவருக்கு வருத்தமாக இருக்கும். என் புடவையில் பினாயில் வாசம் அடிப்பதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். அடித்தால் அடிக்கட்டும்.

அவருக்கு எழுதப் படிக்க வராது. கழிப்பறைக் கதவின் உட்புறம் 181 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இது இன்னாம்மா நம்பரு? ரொம்ப நாளா ஒட்டிக்கினே கீது" என்று ஒருநாள் கேட்டார். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்று படித்துச் சொன்னேன். "அப்ப நீ போட்டு கேட்டியா?" என்றார். என் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாகியிருந்தது. அவர் பட்டன் போனை நீட்டினார். அப்படித்தான் கூப்பிட்டேன்.

181-இல் பேசிய சகோதரிக்கு என் நன்றி. நீங்கள் முதலில் கேட்டது, இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா என்றுதான். அன்றிரவே மாநகராட்சிப் பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைத்தது. கதவைத் திறந்த அம்மா ஆதார் கேட்பதற்கு முன்னால் "நைட்டி என்ன சைஸ்?" என்று கேட்டார்.

காப்பகம் என்றால் யாரோ போடும் பிச்சை என்று எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்த சகோதரி ஒருநாள் உட்காரவைத்துப் பேசினார். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, இது உங்கள் உரிமை, தலையை நிமிர்த்திச் சாப்பிடுங்கள் என்றார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு என்பதும் அவர் அறிமுகப்படுத்திய, அந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலர் மூலம்தான் தெரிந்தது. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டென்பதும்தான். இதெல்லாம் தெரியாமலா இத்தனை வருஷம் வாழ்ந்தோம் என்று ராத்திரி பாயில் படுத்தபடி பேசிக்கொள்வோம்.

அந்த ஒருங்கிணைப்பாளர் சகோதரியே இன்னொன்றும் சொன்னார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு வீடற்றவர்களைத் தனியாக எண்ணினார்களாம். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல். எனக்கு உடனே தோன்றியது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தவளை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தின் பெயர்ப் பலகை காப்பக வாசலில் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்தவளுக்குப் பலகை எதற்கு? அது பேருந்து நிலையத்திலும் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் பெண்கள் கழிப்பறைக் கதவிலும் இருக்க வேண்டும். மாநகராட்சியில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

முகவரி இல்லாதவளுக்கு ஒன்றும் நகராது என்பதையும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். ரேஷன் கார்டு பழைய வீட்டில், மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய்க்கும் அந்தக் கார்டுதான் அடிப்படை. ஓர் அலுவலகத்தில் "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். காப்பகத்தின் பொறுப்பாளர் சான்று கொடுத்தால் ஆதாரில் அதையே முகவரியாகப் போடலாம் என்று தெரிந்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, கூடவே வந்து வரிசையில் நின்ற சகோதரிக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

காப்பகத்தில் சமைத்துப் போட்ட அம்மாவுக்கும், என் இருமலைப் பொறுத்துக்கொண்டு பக்கத்துப் பாயில் படுத்திருந்த தோழிகளுக்கும், 1 ரூபாய் இட்லி கொடுக்கும் அம்மா உணவகத்தில் தட்டில் கணக்குக்கு மேல் சாம்பார் ஊற்றிய பெண்களுக்கும், விரட்டாமல் விளக்கு வெளிச்சத்தில் உட்காரச் சொன்ன பெண் காவலருக்கும், அட்வான்ஸுக்குக் கைமாற்று கொடுத்த பள்ளித் தோழிக்கும், சம்பளத்தை முன்கூட்டிக் கொடுத்த கடைக்கார அம்மாவுக்கும் கோடி நன்றி. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஊரில், தனியாக இருக்கும் பெண்ணை நம்பி, இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும். "கூட யாரு?" என்று கேட்காத முதல் வீட்டுக்காரர் நீங்கள்தான்.

அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று புடவை வாங்கிக்கொண்டு போனேன். திட்டினார். பிளவுஸ் தைத்துத் தருகிறேன் என்றேன், தையல் கூலி வாங்கிக்கொண்டால்தான் அளவு கொடுப்பேன் என்றார். ஷிப்ட் நேரத்தில் சாப்பிடக்கூட அவரால் கல்லாவை விட்டு எழுந்து போக முடியாது, பினாயில் நெடியில் அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கடை லீவு. அன்று அவர் வெளியே போய் மரத்தடியில் நிம்மதியாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வரும்வரை கல்லாவில் நான் உட்காருவேன். இதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. சில்லறையைச் சரியாகக் கொடுக்க வருமா என்று இரண்டு தடவை கேட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறேன். அக்கா ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்து சேர மதியம் 3 மணி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை 3 மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்கிறது, காலையிலேயே காய்ச்சிவிடு என்கிறார் வீட்டுக்கார அம்மா. இல்லம்மா, 3 மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். முடிந்தவர்கள் வாருங்கள். அறை சின்னது, முதலில் வந்தவர்கள் மாடிப்படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆளுக்கொரு டம்ளர் எடுத்து வாருங்கள், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.