பௌன் தெருவின் வடபகுதியையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

நியூயார்க்கில் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்ட ஃபிளஷிங் மகா வல்லப கணபதி கோயில் நம் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய இடம். அக்கோயில் நிற்கும் பௌன் தெருவுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தந்ததில்லை. அதை இந்த ஆண்டே பாடமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஃபிளஷிங் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சு ஆட்சியில் இருந்த சிற்றூர். குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினருக்கு யாரும் இடம் தரக் கூடாது என்று ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் தடை விதித்தபோது, 1657 டிசம்பர் 27 அன்று ஊரார் முப்பது பேர் அதை எதிர்த்து ஒரு முறையீட்டில் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஒருவரும் குவேக்கர் அல்லர் என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்; பிறருடைய வழிபாட்டுக்காகத் தம்மை இடருக்கு உள்ளாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அன்பும் அமைதியும் சுதந்திரமும் யூதர்க்கும் துருக்கியர்க்கும் எகிப்தியர்க்கும் உரியவை என்று எழுதிய அம்முறையீட்டுக்காக ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறை வைக்கப்பட்டார்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், தம் வீட்டில் குவேக்கர்களைக் கூடி வழிபட விட்டதற்காகக் கைதான ஜான் பௌன், அபராதம் கட்ட மறுத்து நாடு கடத்தப்பட்டார். அவர் ஆம்ஸ்டர்டாமுக்கே சென்று அக்குடியேற்றத்தை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் வழக்குரைத்ததன் பயனாக, மக்களின் மனச்சான்றை வற்புறுத்த வேண்டாம் என்று 1663இல் கம்பெனி ஆளுநருக்கு எழுதியது. ஏறத்தாழ 1661இல் கட்டப்பட்ட அவருடைய மரவீடு, ஒன்பது தலைமுறையினர் 1945 வரை வாழ்ந்த வீடு, கோயிலிலிருந்து அதே தெருவில் வடக்கே நடந்தால் இன்றும் நிற்கிறது.

அங்கிருந்து சிறிது தொலைவில், நார்தர்ன் பொலிவார்டில், 1694இல் எழுந்த குவேக்கர் கூடம் இருக்கிறது. பலிபீடமோ சிலையோ இல்லாத அவ்வறையில் மக்கள் பெரும்பாலும் மௌனமாக அமர்ந்தே வழிபடுகின்றனர். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலப் படை அதைச் சிறையாகவும் மருத்துவமனையாகவும் பயன்படுத்தியது; போர் முடிந்தபின் வழிபாடு மீண்டும் தொடங்கியது. கூடத்தின் பின்னுள்ள இடுகாட்டில்தான் பௌன் புதைக்கப்பட்டார். கல்லறைக்கல் நாட்டுவதைத் தற்பெருமை என்று பழைய குவேக்கர்கள் விலக்கியதால், அவர் கிடக்கும் இடத்துக்கு அடையாளம் எதுவும் இல்லை.

கணபதியை வணங்கியபின் ஒரு பிற்பகலையேனும் இவ்விரு கட்டடங்களுக்கும் ஒதுக்குங்கள். பேருந்தில் ஏற்றிச் செல்லாமல், தெருப் பெயர்ப்பலகையைப் படித்தபடி பிள்ளைகளை நடத்தியே கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருவரின் தந்தை